மாண்டலினுக்கு ஆர்ம்ரெஸ்டும் பின்காப்பும்: யாருக்குத் தேவை, எப்படிப் பூட்டுவது

ஆர்ம்ரெஸ்ட் என்பது முன்கை சாய்வதற்கு விளிம்பில் பூட்டும் மரத்துண்டு; பின்காப்பு என்பது பின்பலகையை உடம்பில் படாமல் விலக்கி நிறுத்தும் சட்டம். இவற்றுக்குக் காசு செலவழிக்கும் முன் ஒரு சோதனை. மாண்டலினை வழக்கம்போல வயிற்றோடு அணைத்துப் பிடித்து, அடித்தந்தியான ஜி ஜோடியை விரல் வைக்காமல் ஒருமுறை மீட்டுங்கள். ஒலி அடங்கும்வரை கேளுங்கள். அடுத்து, பின்பலகை எதிலும் படாதபடி கருவியை நாலு விரற்கடை முன்னால் தள்ளிப் பிடித்து அதே தந்தியை அதே அளவு விசையோடு மீட்டுங்கள். இரண்டாவது முறை ஒலி நீண்டு, கீழ்ஸ்தாயி நிறைவாகக் கேட்டால் பின்காப்பு உங்களுக்குப் பயன்படும். வித்தியாசமே தெரியாவிட்டால் அந்தப் பணத்தில் நல்ல தந்தி வாங்கலாம்.

ஆர்ம்ரெஸ்டுக்கும் இதே போன்ற சோதனை உண்டு. வலது முன்கையை முன்பலகையின் விளிம்பில் முழு எடையோடு சாய்த்து வாசியுங்கள். பிறகு கையைத் தூக்கி, மணிக்கட்டு மட்டும் தந்திக்கு அருகே இருக்கும்படி வாசியுங்கள். இங்கே ஒலியை மட்டும் கவனித்தால் போதாது. கால் மணி நேரம் வாசித்த பிறகு முன்கையைத் திருப்பிப் பாருங்கள். விளிம்பு பதிந்த சிவந்த கோடு தெரிந்தால், ஒலி மாறுகிறதோ இல்லையோ, உங்களுக்கு ஆர்ம்ரெஸ்ட் தேவை.

இரண்டின் வேலையும் ஒன்றுதான்: அதிர வேண்டிய மரத்தின் மேல் உங்கள் உடம்பு படாமல் பார்த்துக்கொள்வது. ஆனால் ஆர்ம்ரெஸ்ட் முதலில் கைக்கு, அப்புறம்தான் ஒலிக்கு. பின்காப்பு அப்படியே தலைகீழ். இரண்டையும் ஒரே எதிர்பார்ப்போடு வாங்குபவர்களுக்குத்தான் ஏமாற்றம் வரும்.

எந்த மாண்டலினுக்கு இது பொருந்தும்

1922 முதல் 1924 வரை கிப்சன் நிறுவனத்தில் லாயிட் லோரின் மேற்பார்வையில் வந்த எஃப்-5 மாண்டலின்கள்தாம் இன்றும் புளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புற இசைவகையின் மாண்டலினுக்கு அளவுகோல். புளூகிராஸின் தந்தை எனப்படும் பில் மன்றோ வாசித்ததும் அந்த வகைதான். வயலினைப் போலவே ஸ்ப்ரூஸ் முன்பலகையும் மேப்பிள் பின்பலகையும் குடைந்து செதுக்கப்பட்டவை, எஃப் வடிவத் துளைகள் கொண்டவை. இரண்டு பலகைகளும் நடுவில் தடித்து, விளிம்பை நெருங்கும்போது மெலிந்து ஒரு பள்ளமாக இறங்கி மறுபடி ஏறும். அந்த மெலிந்த வளையம்தான் பலகைக்குக் கீல். முன்பலகை அசைய அசைய, உள்ளிருக்கும் காற்றும் பக்கப்பலகையும் வழியாகப் பின்பலகையும் சேர்ந்து அசைகிறது. அதன்மேல் மெத்தென்ற வயிறு அழுந்தினால் அந்த அசைவு உடம்பில் போய்த் தேய்ந்துவிடும். முதலில் அடிபடுவது கீழ்ஸ்தாயியும் ஒலியின் நீளமும்.

செதுக்கிய எஃப் வகை (உடலில் சுருளும் கூர்முனைகளும் உள்ளது), ஏ வகை (அவை இல்லாத துளி வடிவம்) மாண்டலின்களில் இந்த மாற்றம் தெளிவாகத் தெரியும். தடித்த பிளைவுட் பின்பலகை கொண்ட மலிவுக் கருவிகளில் மிகக் குறைவு, சிலவற்றில் இல்லவே இல்லை. சுரைக்காய் போலப் பின்புறம் உருண்ட நியாபொலிடன் வகைக்கு உடம்பில் படும் பரப்பே கொஞ்சம். அதற்குப் பின்காப்பு உட்காரவும் செய்யாது. நம் ஊரில் மாண்டலின் என்றதும் நினைவுக்கு வருவது யு. ஸ்ரீநிவாஸ் கையிலிருந்த ஐந்து தந்தி எலெக்ட்ரிக் கருவி. அது உள்ளே கூடில்லாத கட்டை. ஒலியை எடுப்பது பிக்கப். அந்த வகைக் கருவிக்குப் பின்காப்பு மாட்டுவதால் எந்தப் பலனும் இல்லை. ஆர்ம்ரெஸ்ட் வேண்டுமானால் கைக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான்.

ஆர்ம்ரெஸ்ட்: அளவெடுப்பது

கடையில் வரும் பெரும்பாலான ஆர்ம்ரெஸ்ட்கள் கருங்காலி, ரோஸ்வுட் அல்லது மேப்பிள் துண்டு. தந்திகளின் கடைமுனைகள் மாட்டியிருக்கும் டெயில்பீஸுக்கு அருகில், அடித்தந்திப் பக்கத்து விளிம்பின்மேல் பாலம்போல நிற்கும். அதைப் பிடித்து வைப்பது வயலின் முகவாய்த் தாங்கியில் உள்ள அதே அமைப்பு: மேலே இரண்டு கால், கீழே பின்பலகை விளிம்பைப் பற்றும் கார்க் ஒட்டிய பாதம், நடுவில் இரு முனையிலும் மரை வெட்டிய இரண்டு உருளை நட்டுகள். நட்டின் துளையில் மெல்லிய சாவியை நுழைத்துத் திருப்ப வேண்டும்.

முதலில் அளக்க வேண்டியது விளிம்பின் கனம். முன்பலகை விளிம்பின் மேற்பரப்பிலிருந்து பின்பலகை விளிம்பின் அடிப்பரப்பு வரை, பூட்டப்போகும் இடத்திலேயே காலிப்பர் வைத்து அளந்து கொள்ளுங்கள். வயலினில் இது பெரும்பாலும் 40 மி.மீ.க்குள் அடங்கும். எஃப்-5 வகையில் 45 மி.மீ.யைத் தொட்டோ தாண்டியோ இருக்கும். வயலின் கடையிலிருந்து கழற்றி வந்த நட்டு மாண்டலினுக்கு எட்டாமல் போவதற்குக் காரணம் இதுதான். எட்டியதுபோலத் தெரிந்தாலும் மரையில் இரண்டு சுற்று மட்டும் பிடித்து நிற்கும். ஒருநாள் வாசிக்கும்போதே கழன்றுவிடும். வயோலாவுக்கான நீளமான நட்டைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு முனையிலும் குறைந்தது ஐந்து சுற்றாவது உள்ளே ஏறியிருக்க வேண்டும்.

அடுத்தது உயரம். கை விளிம்பில் படாமலிருக்க எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் வேண்டும். முன்பலகைக்கும் ஆர்ம்ரெஸ்டின் அடிப்பரப்புக்கும் இடையில் 2 முதல் 3 மி.மீ. போதும். இரண்டு விசிட்டிங் கார்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தடையில்லாமல் இழுக்க முடிந்தால், கையை அழுத்தியபோதும் அது சிக்காமல் வந்தால், சரி. உயரம் கூடக் கூட மணிக்கட்டு வளைந்து பிக் தந்தியை வேறு கோணத்தில் தொடும். 15 மி.மீ. உயரமான ஆர்ம்ரெஸ்ட் மாட்டிவிட்டு ட்ரெமலோ (ஒரே சுரத்தை வேகமாகத் திரும்பத் திரும்ப மீட்டுவது) கரடுமுரடாகிவிட்டது என்று பிக்கைக் குறைசொல்பவர்கள் உண்டு.

பூட்டுவது

மேசையில் கனமான துண்டை விரித்து மாண்டலினை முகம் மேலே இருக்க வையுங்கள். தந்திகளைத் தளர்த்த வேண்டாம். தளர்த்தினால், முன்பலகையில் ஒட்டாமல் நின்று தந்திகளைத் தாங்கும் குதிரை நகர்ந்துவிடும். விளிம்பையும் பக்கப்பலகையையும் உலர்ந்த மெல்லிய துணியால் துடையுங்கள். மணல்துகள் ஒன்று கார்க்கின் கீழ் மாட்டினாலும் வார்னிஷில் கீறல்தான்.

இடம் முக்கியம். டெயில்பீஸின் அடியில், கூட்டுக்குள் ஒரு கட்டை இருக்கும். அங்கிருந்து சற்றுத் தள்ளி, முன்கை இயல்பாக வந்து சாயும் இடத்தைப் பாருங்கள். கார்க் பாதம் விளிம்பின்மேல் மட்டும் உட்கார வேண்டும். பக்கப்பலகையின் உட்புறத்தில் பலகைகளைத் தாங்கும் மரப்பட்டி ஓடுகிறது. விளிம்பிலிருந்து ஏறக்குறைய 6 மி.மீ. வரைதான் அந்தத் தாங்கல். பாதம் அதைத் தாண்டி உள்ளே போனால், நீங்கள் அழுத்துவது மெலிந்த கீல் வளையத்தை. ஆர்ம்ரெஸ்ட் மாட்டியபின் ஒலி செத்துவிட்டது என்றால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டு நட்டுகளையும் கையாலேயே மாற்றி மாற்றித் திருப்புங்கள். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு மற்றதற்குப் போனால் ஆர்ம்ரெஸ்ட் ஒருபக்கம் சாய்ந்துவிடும். கையால் முடியாத நிலை வந்ததும் சாவி. சாவியை நுழைக்குமுன் நட்டுக்கும் பக்கப்பலகைக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் அட்டையைச் செருகுங்கள், பழைய ஏ.டி.எம். கார்டு போதும். துளை நட்டின் மறுபக்கம் வரை போவதால், சாவி ஒரு மில்லிமீட்டர் அதிகம் போனால் மேப்பிளில் குத்திவிடும். பழைய வயலின்களில் முகவாய்த் தாங்கிக்குப் பக்கத்தில் வரிசையாகத் தெரியும் சின்னக் குழிகள் இப்படி வந்தவைதான். அட்டையைப் போடாமல் சாவியைத் தொடாதீர்கள்.

எவ்வளவு இறுக்குவது? கட்டைவிரலால் பக்கவாட்டில் தள்ளினால் நகரக்கூடாது. அந்த நிலைக்கு வந்ததும் ஒவ்வொரு நட்டுக்கும் இன்னொரு கால் சுற்று. அதோடு நிறுத்துங்கள். மேலும் இறுக்கினால் விளிம்புப் பட்டையில் பள்ளம் விழும். பக்கப்பலகை ஒட்டும் விட்டுப்போகலாம். தளர்வாக விட்டால் ஆர்ம்ரெஸ்ட் மெல்ல மெல்ல நகர்ந்து வார்னிஷைத் தேய்க்கும். புதிய கார்க் முதல் வாரத்தில் அமுங்கும், ஆகவே ஏழாம் நாள் ஒருமுறை சரிபாருங்கள்.

மாட்டிய மறுநாள் கேட்கும் விசில்

புதிதாக மாட்டியவர்கள் பலருக்குக் குழப்பம் தருவது இது. பல தந்திகளைச் சேர்த்து வெட்டி அடித்து, தந்தியை நிறுத்திய பிறகும் எங்கிருந்தோ மெல்லிய கீச்சொலி தொடர்கிறது. ஆர்ம்ரெஸ்டின் உலோகம் அதிர்கிறது என்று அதைக் கழற்றி மாட்டிப் பார்ப்பார்கள். சத்தம் போகாது.

காரணம் குதிரைக்கும் டெயில்பீஸுக்கும் இடையிலிருக்கும் தந்தித் துண்டுகள். இதுவரை உங்கள் கையோ சட்டைக் கையோ அவற்றின்மேல் லேசாகக் கிடந்து அடக்கி வைத்திருந்தது. ஆர்ம்ரெஸ்ட் கையைத் தூக்கிவிட்டது. தடை போனதும் அவை தம்போக்கில் ஒலிக்கின்றன. தந்திகளுக்கிடையே சிறிய ரப்பர் க்ரொமெட் வளையங்களைச் செருகுங்கள், ஜோடிக்கு ஒன்று வீதம் நான்கு. இல்லையென்றால் 8 மி.மீ. அகலத் தோல் பட்டை ஒன்றைத் தந்திகளுக்கு மேலும் கீழுமாகப் பின்னிவிடுங்கள். குதிரைக்கு ஒட்டினாற்போல வைக்க வேண்டாம், நடுப்பகுதியில் வையுங்கள். கீச்சொலி நிற்கும். டெயில்பீஸ் மூடி கடகடத்தால் அதன் உட்புறத்தில் ஒரு சிறு தோல் துண்டு.

கடையில் கிடைக்காவிட்டால் தச்சரிடம்

செய்ய எளிய பொருள்தான். 110 மி.மீ. நீளம், 30 மி.மீ. அகலம், 10 மி.மீ. கனமுள்ள ரோஸ்வுட் அல்லது நன்கு காய்ந்த தேக்குத் துண்டு போதும். முதலில் மாண்டலின் விளிம்பின் வளைவை அட்டையில் வரைந்து வெட்டிப் பொருத்திப் பாருங்கள். அட்டை சரியாக வந்த பின்புதான் மரம். கை படும் மேல் விளிம்பைக் குறைந்தது 5 மி.மீ. ஆரத்தில் உருட்டித் தேய்க்க வேண்டும். கூர்மை மிச்சமிருந்தால் மாண்டலின் விளிம்பு செய்த வேலையை இது செய்யும். அடிப்பக்கத்தை உட்குழிவாகக் குடையுங்கள், அப்போதுதான் முன்பலகையின் மேட்டில் இடிக்காது.

உலோகப் பூட்டைச் செய்யச் சொல்லாதீர்கள். வயலின் கடையில் முகவாய்த் தாங்கிப் பூட்டு தனியாகவே கிடைக்கும், மரை சுத்தமாக இருக்கும். பாதங்களில் 2 மி.மீ. கார்க் ஒட்டுங்கள். ரப்பரும் வேண்டாம், வினைலும் வேண்டாம். நைட்ரோ லாக்கர் பூசிய கருவியில் இவை நாள்பட ஒட்டிக்கொண்டு கறை போடும், பூச்சையே இளக்கிவிடும். எண்ணெய் வார்னிஷும் வெப்பத்தில் தடம் வாங்கும். மே மாதத்துச் சென்னையில் இதற்கு ஒரு மாதம்கூடத் தேவையில்லை.

பின்காப்பு

பரவலாகத் தெரிந்தது டோன்கார்டு. உலோகச் சட்டம், அதில் கம்பிவலை, சட்டத்திலிருந்து வளைந்து வரும் கால்கள். குழாயுறை போட்ட கால்கள் பக்கப்பலகைகளைப் பற்றிக்கொள்ள, வலை பின்பலகையிலிருந்து விலகி நிற்கும். வயிறு வலையில் சாயும், பலகை தன்போக்கில் அசையும், ஒலி வலைக்கண் வழியே வெளிவரும். எஃப் வகைக்கும் ஏ வகைக்கும் தனித்தனி வடிவம். ஏ வகைக்கு உரியதை எஃப் கருவியில் மாட்டினால் கால்கள் சுருளிலோ முனைகளிலோ போய் இடிக்கும்.

மாட்டுவது எளிது. கருவியை முகம் கீழாக மடியில் வைத்து ஒரு பக்கத்துக் கால்களை முதலில் பக்கப்பலகையில் பொருத்துங்கள். மறுபக்கத்துக் கால்களை விரலால் வெளிப்புறம் லேசாக இழுத்தபடி இறக்குங்கள். வார்னிஷின்மேல் உரசி இழுக்கக் கூடாது. இறுக்கம் போதுமா என்பதற்குச் சோதனை: ஒரு கையைக் கீழே தாங்கலாக வைத்துக்கொண்டு கருவியை நிமிர்த்திப் பிடியுங்கள். பின்காப்பு வழுக்காமல் நிற்க வேண்டும், அதேநேரம் கழற்ற இரண்டு விரல் போதுமானதாக இருக்க வேண்டும். தளர்வாக இருந்தால் கால்களை உட்புறம் வளைக்கலாம், ஆனால் கருவியிலிருந்து எடுத்துவிட்டுத்தான். மாண்டலின்மேல் வைத்தபடி வளைத்தால் அந்த விசை முழுவதும் 2, 3 மி.மீ. கனப் பக்கப்பலகையில் இறங்கும்.

பிறகு மூன்று இடங்களைப் பாருங்கள். கால்களின் நுனி முன்பலகையின் மேல் ஏறியிருக்கக் கூடாது. வலையின் நடுப்பகுதி பின்பலகையின் மேட்டைத் தொடக் கூடாது. பின்பலகை அதிகம் மேடான கருவிகளில் இது நடக்கும், ஒரு தாளைச் செருகி இழுத்தால் தெரிந்துவிடும். கால் எதுவும் ஸ்ட்ராப் பொத்தானிலோ டெயில்பீஸிலோ உரசக் கூடாது. ஏதோ ஒரு சுரத்தில் மட்டும் 'ஸ்ஸ்' என்று இரைச்சல் வந்தால் தொண்ணூறு சதம் இந்த மூன்றில் ஒன்றுதான்.

லாக்கர், வார்னிஷ் கருவியென்றால் கால்களுக்கும் பக்கப்பலகைக்கும் நடுவில் மெல்லிய சாமோய் தோல் வைக்கலாம். வாசித்து முடித்ததும் கழற்றிவிடுவது அதைவிட நல்லது.

சம்மணமிட்டு வாசிப்பவர்கள் வாங்கும்முன் யோசிக்க வேண்டும். கருவியின் கீழ்விளிம்பு தொடையில் உட்காரும்போது அந்தப் பக்கத்துக் கால்கள் தொடைக்கும் மரத்துக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். தொடையில் மெல்லிய துணி மடிப்பைப் போட்டுக்கொண்டு, கால்கள் இல்லாத இடம் அதில் படும்படி கருவியைச் சற்று நகர்த்திப் பாருங்கள். அதற்கும் சரிவராவிட்டால் ஸ்ட்ராப்தான் வழி.

ஸ்ட்ராப்பைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும், காரணம் காசில்லாத பின்காப்பு அது. ஸ்ட்ராப்பைத் தோளில் போட்டு, கருவியின் எடை முழுவதும் அதில் தொங்கும்படி நீளத்தைச் சரிசெய்து, கழுத்துப் பகுதியை உடம்பிலிருந்து சற்று முன்னால் தள்ளிப் பிடித்தால் டெயில்பீஸ் பக்கத்து ஓரம் மட்டும் வயிற்றில் படும். பின்பலகையின் முக்கால்வாசி விடுதலை. சிலருக்கு இதுவே போதும். இப்படிப் பிடித்து வாசிப்பவர்கள் பின்காப்பு மாட்டும்போது கிடைக்கும் கூடுதல் பலன் சொற்பம். கருவியை மார்போடு அணைத்து வாசிப்பவர்களுக்கும், உட்கார்ந்து குனிந்து வாசிப்பவர்களுக்கும்தான் பெரிய மாற்றம். மடித்த துண்டு, பஞ்சு, ஸ்பாஞ்ச் எதையும் பின்னால் திணிக்காதீர்கள். அவையும் வயிறு செய்யும் வேலையையே செய்யும்.

ஒலி மாறியதா என்று கேட்பது

வாசிப்பவர் காது ஏமாற்றும். புதுப்பொருள் மாட்டிய மகிழ்ச்சியில் கொஞ்சம் ஓங்கி அடிப்போம், சத்தம் கூடிவிட்டதென்று நினைப்போம். போனை ஒரு மீட்டர் தள்ளி, தந்தியின் உயரத்தில் நிறுத்துங்கள். அதே நாற்காலி, அதே பிக், அதே சட்டை. ஜி ஜோடியைத் திறந்து நான்கு முறை, இரண்டாம் நிலையில் ஏ தந்தியில் ட்ரெமலோ, பிறகு நாலு சாப் (தந்திகளைச் சேர்த்து அடித்து உடனே நிறுத்தும் வெட்டு). மாட்டாமல் ஒருமுறை, மாட்டி ஒருமுறை, மறுபடி மாட்டாமல் ஒருமுறை. மூன்றாவது பதிவு முதல் பதிவைப்போல இல்லையென்றால் உங்கள் கைதான் மாறியிருக்கிறது, கருவி அல்ல. போனில் சத்தத்தைத் தானாகச் சமன்செய்யும் அமைப்பு இருந்தால் அணைத்துவிடுங்கள். இல்லையேல் எல்லாம் ஒரே அளவாகத்தான் கேட்கும்.

சாப்பில் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. புளூகிராஸில் இரண்டாம், நான்காம் அடிகளில் விழும் அந்த வெட்டு குறுகி, வறண்டு ஒலிக்க வேண்டும். பின்பலகை விடுபட்டதும் சில கருவிகளில் அது தேவைக்கு மேல் நீண்டு கொழகொழத்துவிடும். அப்படியானால் இடதுகை விரலை இன்னும் சீக்கிரம் தளர்த்த வேண்டும், அல்லது கூட்டத்தோடு வாசிக்கும்போது பின்காப்பைக் கழற்றிவிட்டுத் தனி வாசிப்புக்கு மட்டும் மாட்டலாம். எல்லா வாசிப்புக்கும் நீண்ட ஒலி நல்லதென்று ஒன்றும் இல்லை. மைக் முன்னால் வாசிக்கும்போது கீழ்ஸ்தாயி பெருகி ஊளையிட ஆரம்பித்தாலும் முதலில் கழற்றிப் பார்க்க வேண்டியது இதைத்தான்.

ஆர்ம்ரெஸ்டின் ஒலிப்பலன் இதைவிடச் சிறியது. கை முன்பலகையின் ஓரத்தில்தான் கிடக்கிறது, நடுவிலில்லை. அதோடு பூட்டும் மரமும் தம் எடையை விளிம்பில் ஏற்றுகின்றன. ஒலி கூடினால் மகிழ்ச்சி. கூடாவிட்டாலும் கையில் சிவந்த கோடு இல்லை, வியர்வை வார்னிஷில் படவில்லை. அரைக்கைச் சட்டையோடு வாசிப்பவர்களின் மாண்டலின்களில் அடித்தந்திப் பக்கத்து ஓரம் மங்கி வெளுத்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

பராமரிப்பு

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆர்ம்ரெஸ்டைக் கழற்றிக் கார்க்கைப் பாருங்கள். வியர்வை ஊறிக் கறுத்திருந்தால் மாற்றுங்கள், ஈரக் கார்க் பூச்சில் அச்சுப்போலப் பதியும். நட்டின் நிக்கல் பூச்சு கடலோர ஊர்களில் பச்சைபிடிக்கும்; உலர்ந்த துணியால் துடைத்து மரையில் துளி மெழுகு தடவினால் போதும், எண்ணெய் கார்க்கில் இறங்கிவிடும்.

பெட்டியில் வைக்கும்போது பின்காப்பைக் கட்டாயம் கழற்றுங்கள். மாட்டியபடி வைத்தால் கருவி உயர்ந்து நிற்கும், மூடியை அழுத்திப் பூட்டும்போது அந்த அழுத்தம் குதிரை வழியாக முன்பலகையில் இறங்கும். ஆர்ம்ரெஸ்டைக் கழற்றத் தேவையில்லை, ஆனால் முதல்முறை மூடும்முன் அதன்மேல் ஒரு துளி சாக்பீஸ் தூள் தூவி மூடித் திறந்து பாருங்கள். மூடியின் உட்புற வெல்வெட்டில் வெள்ளைத் தடம் விழுந்திருந்தால் அந்த இடத்துப் பஞ்சைக் கொஞ்சம் எடுத்துவிட வேண்டும், அல்லது ஆழமான பெட்டி பார்க்க வேண்டும்.